அங்கீகரிக்கப்பட்ட உயரம்

உல்யானா சவேல்யெவா நூற்றைம்பத்தொரு சென்டிமீட்டருக்கு மேல் வளர மாட்டாள் என்று ஜோடிச் சறுக்கு வாரியம் தீர்மானித்தபோது அவளுக்குப் பத்து வயது. அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த வயதில் அவளுக்கு அதில் ஆட்சேபணை இருந்திருக்காது. பனித்தளத்தில் ஆண் தூக்க, பெண் மேலே போவாள். ஆண் எறிய, பெண் பறந்துபோய் ஒற்றைக் காலில் இறங்குவாள். இந்த விளையாட்டில் பெண் என்றால் குட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் நாட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

தீர்மானம் சும்மா எடுத்ததில்லை. மாஸ்கோவிலிருந்து ஒரு குழு ரயிலேறி வந்தது. குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். ரொட்டி ஆலையில் வேலை பார்க்கும் அம்மா தமாராவைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி அளந்தார்கள். தமாரா குட்டை. குழுவுக்குப் பரம திருப்தி. அப்பாவின் உயரத்தைக் கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. அவர் வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று போய் மூன்று வருடமாகித் திரும்பியிருக்கவில்லை.

"அந்தாளு நின்னு நான் எங்கங்க பாத்தேன்? வேலை விட்டு வந்தா சோஃபாதான். குடிச்சாலும் சோஃபா, குடிக்கலேன்னாலும் சோஃபா," என்றாள் தமாரா.

சோஃபாவுக்குள் அடங்குவாரா என்று குழுத் தலைவர் கேட்டார். அடங்குவார் என்றாள். உடனே சோஃபாவை அளந்து, அதையே தகப்பன் உயரம் என்று எழுதிக்கொண்டார்கள். காலை மடக்கிக்கொண்டுதான் அடங்குவார் என்பதைத் தமாரா சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

அறிக்கையில் வாரியத் தலைவர் கென்னாதி லுவோவிச் பெரெஸ்வெதொவ் தம் கையால் கையெழுத்துப் போட்டார். மகார் தேக்தியாரெவ் என்ற பதினான்கு வயதுப் பையனோடு உல்யானாவைச் சேர்த்து, சவேல்யெவா–தேக்தியாரெவ் ஜோடியை உருவாக்கினார்கள். இன்ன வருடம் மாநிலப் பதக்கம், இன்ன வருடம் நாட்டுப் பதக்கம், இன்ன ஜனவரியில் ஐரோப்பியப் போட்டி என்று எல்லாம் திட்டத்தில் இருந்தது. அதில் அவள் உயரமும் இருந்தது.

ஆறு வருடம் எல்லாம் திட்டப்படியே நடந்தது என்பதுதான் கொடுமை. மகார் நல்லவன், மாடு போல் உழைப்பவன், அவளுக்கு மறுக்கப்பட்ட ரொட்டியையும் சேர்த்துத் தின்பவன். ஜோடிச் சறுக்கில் எங்கும் எழுதி வைக்காத விதி ஒன்று உண்டு: தூக்கியவன் தடுமாறினால் முதலில் அவன் கீழே விழ வேண்டும், அவள் அவன் மேல் விழ வேண்டும். மகார் அப்படிப் பலமுறை விழுந்திருக்கிறான். அவன் முன்பற்களில் ஒன்று அசல் இல்லை. அதனால் உல்யானாவுக்கு உயரத்தில் பயமே கிடையாது. அவளுக்கு இருந்த ஆசையும் ஒன்றே ஒன்றுதான். அந்த ஜனவரியில் மகாரோடு ஐரோப்பியப் போட்டியில் சறுக்க வேண்டும்.

அந்த ஜனவரிக்கு முந்தைய கோடையில் அவள் வளர ஆரம்பித்தாள்.

முதலில் கண்டுபிடித்தது மகாரின் தோள். அவன் வாய் திறக்கவில்லை. இரண்டாவதாகக் கண்டுபிடித்தவள் தையல்காரி. அவள் வாயை மூட முடியவில்லை. பயிற்சியாளர் ரிம்மா ஸஹாரவ்னா கையில் சட்டையோடு உடை மாற்றும் அறைக்கு வந்தாள்.

"இந்தச் சட்டை ஏண்டி சுருங்கிச்சு?"

"சட்டை சுருங்கல ரிம்மா ஸஹாரவ்னா. கை நீண்டுருச்சு."

"யாரைக் கேட்டு நீட்டினே?"

உண்மையிலேயே உல்யானா யாரையும் கேட்டிருக்கவில்லை. ரிம்மா ஸஹாரவ்னா பெஞ்சில் உட்கார்ந்து சட்டையை மடியில் வைத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். கெட்டவள் இல்லை அவள். முப்பது வருடம் வாரியத்தோடு வாழ்ந்தவள், அவ்வளவுதான். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"இதோ பாரு. ஜனவரி வரைக்கும் பொறுத்துக்கோ. ஐரோப்பா முடியட்டும், அப்புறம் எவ்ளோ வேணா வளந்துக்கோ. நானே பால் வாங்கித் தரேன்."

அன்றிலிருந்து ரொட்டி போயிற்று. தயிர் போயிற்று. தூக்கத்தில்தான் எலும்பு நீளுகிறது என்று யாரோ சொல்ல, தூக்கமும் பாதி போயிற்று. தமாரா ஆலையிலிருந்து வரும்போது தலைமுடியில் ரொட்டி வாசனை வருகிறது என்று அங்கேயே தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு டிராமில் வந்தாள். உல்யானா மெலிந்தாள், கண்ணுக்குக் கீழே கருத்தாள். அதோடு இன்னும் இரண்டு விரற்கடை வளர்ந்தாள்.

"நீ வளரல உல்யா, நான்தான் கிழவனாயிட்டேன்," என்றான் மகார், தோளில் பனிக்கட்டிப் பையை வைத்துக் கட்டிக்கொண்டே. அவனுக்கு இருபது வயது.

செப்டம்பரில் வாரியம் எல்லா ஜோடிகளையும் மாஸ்கோவுக்கு அழைத்துச் சறுக்கவிட்டுப் பார்க்கும். அதற்குப் பார்வையிடல் என்று பெயர். அதற்கு முன்பு மருத்துவ அறையில் அளவெடுப்பு. வாரிய மருத்துவர் இன்னோகென்தி பாவ்லவிச் அளவுகோலின் பலகையை உல்யானாவின் தலையில் இறக்கினார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நூற்றைம்பத்தெட்டு. சுவரில் கென்னாதி லுவோவிச்சின் படம் மாட்டியிருந்தது. அதையும் ஒருமுறை பார்த்தார்.

"மரக்கோல் இது. மழைக்காலத்துல உப்பிக்கும்," என்றார்.

வெளியே வெயில் அடித்தது. உலோகக் கோல் வரவழைத்தார். அதுவும் அதே எண்ணைச் சொன்னது.

"பதட்டப்படுறேம்மா நீ. பதட்டத்துல உடம்பு நீளும். தளர்வா நில்லு. இன்னும் தளர்வா. முழங்காலத் தளத்து. இன்னும் கொஞ்சம். அங்கேயே நில்லு, அசையாதே."

பலகை நூற்றைம்பத்தொன்றில் வந்து நின்றது. மருத்துவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார். நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் போல நின்றபடி உல்யானா கேட்டாள், "காலை மடக்கி நின்னா அது உயரமா டாக்டர்?"

"உயரம் எவ்வளவுங்கிறத வாரியம் முடிவு பண்ணும். நான் சரி பாக்குறவன் மட்டும்தான். இனிமே வாரியக் கட்டடத்துக்குள்ள இப்படியே நில்லு. வெளியிலயும் பழகிக்கோ. எங்க எவன் பாப்பான்னு சொல்ல முடியாது."

பழகிக்கொண்டாள். டிராம் நிறுத்தத்தில், பள்ளியில், பால்கடை வரிசையில் என்று எங்கும் முழங்காலைத் தளர்த்தி நின்றாள். நீளப் பாவாடை போட்டால் தெரியாது. மாதக் கடைசிக்குள் அது அவள் நிற்கும் விதமாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வயிற்றில் ஏதும் கோளாறா என்று விசாரித்துவிட்டு, சோம்பு வெந்நீர் குடிக்கச் சொன்னாள்.

பார்வையிடலன்று தளத்தின் ஓரமாக நீளமேசை போட்டுப் பச்சைத் துணி விரித்து வாரியம் உட்கார்ந்திருந்தது. இசைக் குழு, உடைக் குழு, புன்னகைக் குழு, முடிவுச் சைகைக் குழு என்று குழுவுக்கு ஒரு ஆள். கென்னாதி லுவோவிச் நடுவில். அவர் முன்னால் தேநீரும் கல் போன்ற வளைய பிஸ்கட்டும். அவர் இளமையில் இரண்டு வருடம் பனிப் படகுப் போட்டிச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தவர். சறுக்குக் காலணியை ஒருமுறை அணிந்து பார்த்ததாகச் சொல்வார்கள், அதை அவரே மறுத்திருக்கிறார்.

உல்யானாவும் மகாரும் அன்று சறுக்கிய மாதிரி அதற்கு முன்பு சறுக்கியதில்லை. தளத்தில் முழங்கால் தளர்த்தி நிற்கத் தேவையில்லை, சறுக்கில் முழங்கால் எப்போதும் மடிந்தேதான் இருக்கும். தூக்கியபோது மகாரின் கை நடுங்கவில்லை. எறிந்தபோது அவள் நீளக் கால் நீளமாக வந்து பனியில் பதிந்தது. மேலே பார்வையாளர் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்த தளப் பணியாளர்கள் கை தட்டினார்கள். வாரியம் தட்டவில்லை. தலைவர் இன்னும் தட்டியிருக்கவில்லை.

கென்னாதி லுவோவிச் எழுந்து ஒலிபெருக்கியை எடுத்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தோழர்களே, சிலபேர் என் காதுல வந்து, சவேல்யெவா வளந்துட்டான்னு ஓதினாங்க. பாத்தீங்களா? சுத்தமா சறுக்கிட்டா. வளந்தவளால இப்படிச் சறுக்க முடியுமா? முடியாது. அப்ப வளரல. இதான் அறிவியல். நான் ஒருநாளும் என் கண்ண நம்பினதில்ல. கண்ணுங்கிறது தனி மனுஷனோட உறுப்பு. வாரியத்த நம்பினேன், வாரியம் என்னை நம்பிச்சு, ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஏமாறல."

இப்போது வாரியம் கை தட்டியது.

பிறகு பரிந்துரைகள் வந்தன. சவேல்யெவா வளரவில்லை என்றாலும் வளர்ந்தது போன்ற தோற்றம் இருப்பதாக உடைக் குழு குறைபட்டது. அதற்குக் குறுக்குக் கோடு போட்ட உடை பரிந்துரைக்கப்பட்டது. அணிப் புகைப்படத்தில் மற்றப் பெண்கள் பலகை மேல் நிற்க வேண்டும் என்றது படக் குழு. புன்னகைக் குழு, அவள் குட்டையாகப் புன்னகைக்க முயல வேண்டும் என்றது. விளக்கம் கேட்க யாருக்கும் தைரியமில்லை. கடைசியாக, ஜோடிக்குள் உயர வித்தியாசத்தைக் காப்பாற்ற மகார் ஜனவரிக்குள் ஏழு சென்டிமீட்டர் வளர வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

"எனக்கு இருபது வயசாச்சு கென்னாதி லுவோவிச்," என்றான் மகார்.

"சாக்குப்போக்கு சொல்லாத தம்பி. அந்தப் பொண்ணால முடியறப்ப உன்னால முடியாதா?"

இதைச் சொன்ன பிறகு தலைவரே ஒரு கணம் நின்றார். மேசை முழுக்கக் குனிந்து பிஸ்கட்டைப் பார்த்தது. உல்யானாவுக்குச் சிரிப்பு வந்தது. அதுதான் அவள் செய்த தப்பு. அவள் சிரித்ததைக் கென்னாதி லுவோவிச் பார்த்துவிட்டார்.

நவம்பரில் எங்கள் தளத்துக்கு லேஸ்யா வந்தாள். சைபீரியாவில் ஏதோ நிலக்கரி ஊர். பன்னிரண்டு வயது. கையில் அவள் அம்மா போட்டுக் கொடுத்த வெள்ளரி ஊறுகாய் ஜாடி. உயரத்தைச் சொல்லத் தேவையில்லை, வாரியமே அளந்து அனுப்பியிருந்தது. முன்னெச்சரிக்கைக்கு ஒரு ஆள் என்று ரிம்மா ஸஹாரவ்னா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். உல்யானாவுக்கு அந்தக் குழந்தை மேல் கோபம் வரவில்லை. குழந்தை எல்லாருக்கும் வெள்ளரி கொடுத்தது, எல்லாரையும் அக்கா என்றது, மகாரைப் பார்த்து மட்டும் பயந்தது.

ஒரு வாரம் கழித்து மாஸ்கோவிலிருந்து அழைப்பு வந்தது. உல்யானா, மகார், பயிற்சியாளர், லேஸ்யா நால்வரும் பச்சைத் துணி மேசை முன்னால் நிறுத்தப்பட்டார்கள். கென்னாதி லுவோவிச் நல்ல மனநிலையில் இருந்தார். கணக்கு விடை கிடைத்த வாத்தியார் மாதிரி கையைத் தேய்த்துக்கொண்டார்.

"சவேல்யெவாவோட உயரம் நூத்தி அம்பத்தொண்ணு. இது நாம அங்கீகரிச்சது, மாத்த முடியாது. இந்தா நிக்கிறாளே, இந்தப் பொண்ணு நூத்தி அம்பத்தெட்டு. ஏம்மா, காலை நேரா வை, இங்க நடிப்பு வேண்டாம். ஆக இவ சவேல்யெவா இல்ல. அதே சமயம் நூத்தி அம்பத்தொண்ணு உயரத்துல ஒரு பொண்ணு இந்த அறையில இருக்கு." அவர் லேஸ்யாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னைக் கேட்டா, குழப்பமே இல்ல."

அறையில் நிம்மதி பரவியது. பன்னிரண்டு வயதுக்காரி பெரியவர்கள் போட்டியில் இறங்க முடியாதே என்று பயிற்சியாளர் மெல்ல இழுத்தாள். பன்னிரண்டு வயது லேஸ்யாவுக்குத்தான், சவேல்யெவாவுக்குப் பதினாறு என்று செயலாளர் விளக்கினார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

"அது என் பேருங்க," என்றாள் உல்யானா.

"உன் பேரா?" கென்னாதி லுவோவிச்சுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. "அந்தப் பேருக்குக் காலணி வாங்கித் தந்தது யாரு? தளம் தந்தது யாரு? அந்தப் பேரு வாங்கின புள்ளியெல்லாம் எந்த அலமாரியில இருக்கு? ஆறு வருஷம் அதுல குடியிருந்தே. ஒழுங்கா இருந்தே, நான் குறை சொல்லல. இப்ப உனக்கு இடம் பத்தல. பத்தாதவ காலி பண்ணணும். இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நான் யாரு?"

செயலாளர் தாள்களைப் புரட்டினார். அது இன்றைய பொருள்நிரலில் இல்லை என்றார். மார்ச்சில் கூடும்போது எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

உல்யானா மகாரைப் பார்த்தாள். அவன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாழ்வாரத்தில் அவனை மடக்கினாள்.

"நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"பேசினா நாளைக்கே இன்னொருத்தன மகார்னு நிறுத்திருவானுங்க உல்யா," என்றான். பிறகு, "அந்தப் புள்ள ரொம்ப லேசு. எனக்குப் பயமா இருக்கு," என்றான். அதற்கு மேல் அவனோடு பேச அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் முதல் உல்யானா பெஞ்சில் உட்கார்ந்து, சவேல்யெவா பயிற்சி செய்வதைப் பார்த்தாள். வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவள் யாரென்று முடிவாகாததால் அவளை எந்தப் பெயரில் தடுப்பது என்று காவலாளிக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் அணி கிளம்பியது. பயணம் நல்லபடி முடிய, கிளம்புமுன் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். எங்களில் அதைச் செய்யாமல் யாரும் கடைத்தெருவுக்குக்கூடப் போக மாட்டார்கள். உடை மாற்றும் அறையில் பெட்டிகளை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். உல்யானா வாசலில் நின்றாள். ரிம்மா ஸஹாரவ்னா அவளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நீயும் உக்காருடி. போற பேரு உன்னோடது. நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

லேஸ்யாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தையின் கால் தரையில் எட்டவில்லை. அந்த ஒரு நிமிடமும் உல்யானா எதை நினைத்தாள் என்று கேட்டால், அந்த விமானத்துக்கு ஏதாவது ஆகட்டும் என்று நினைத்தாள். உடனே வேண்டாம் என்றும் நினைத்துக்கொண்டாள்.

போட்டியன்று தமாரா உருளைக்கிழங்கு வேகவைத்து, உப்பு மீனை நறுக்கி, பெயரளவுக்கு ஒரு ரொட்டியும் மேசையில் வைத்தாள். உல்யானா ரொட்டியைத் தொடவில்லை, பழக்கம் போகவில்லை. டிவியில் அவள் பெயரை அறிவித்தார்கள். திரையின் கீழே அவள் பெயரும் வயதும் எங்கள் ஊர் பெயரும் ஓடின. சவேல்யெவா இந்தப் பருவத்தில் வியக்கத்தக்க வகையில் உடலைக் கட்டுப்படுத்தியிருக்கிறாள் என்று வர்ணனையாளர் பாராட்டினார். அவர் வருடா வருடம் அவளைப் பார்த்துப் பேட்டி எடுத்த ஆள். இசை தொடங்குவதற்குள் பெரியம்மா போன் செய்தாள்.

"வாழ்த்துக்கள் தமாரா. டிவியில குழந்தை எவ்ளோ அழகா இருக்கா."

தமாரா எதிரே உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். "நன்றிக்கா," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

முதல் பாதி நன்றாகவே போயிற்று. குழந்தை கெட்டிக்காரி. எறிதல் வந்தது. அங்கேதான் வாரியம் அங்கீகரிக்காத ஒரு விஷயம் குறுக்கே வந்தது. ஆறு வருடமாக மகாரின் தோளுக்குத் தெரிந்தது ஒரே ஒருத்தி. கடைசி அரை வருடம் அவள் வளர வளர, வெளியே சொல்லாமல், அந்தத் தோள் தன் பலத்தை ஏற்றிக்கொண்டே வந்திருந்தது. இரண்டு மாதப் பயிற்சியில் மகார் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு எறிந்தான். ஆனால் போட்டியில், கூட்டத்தின் இரைச்சலில், தோள் தனக்குப் பழகியதைச் செய்தது. லேஸ்யா உல்யானா போக வேண்டிய உயரத்துக்குப் போனாள், அதையும் தாண்டிப் போனாள். மகார் தன் விதிப்படி அவளுக்குக் கீழே விழுவதற்காகத் தளத்தில் பாய்ந்தான். குழந்தை அவனைக் கடந்து, ஓரத் தடுப்பில் போய் மோதியது.

"உல்யா!" என்று தமாரா கத்திவிட்டாள். கத்திவிட்டு, பக்கத்தில் இருந்த மகளின் கையை எலும்பு நோகப் பிடித்துக்கொண்டாள். மேசை விரிப்பில் மீன் கொட்டிக் கிடந்ததை இருவரும் வெகுநேரம் கவனிக்கவில்லை.

அடிபட்ட லேஸ்யாவோடு அணி மாஸ்கோ திரும்பிய மறுநாள் காலை வாரியத்திலிருந்து கார் வந்தது. உல்யானா தன் மனசின் அடியில், இனி என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அதை நினைத்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது, ஆனாலும் நினைத்தாள். கூப்பிட்டது உண்மைதான். சவேல்யெவாவுக்கு வலது கையிலும் தோளிலும் எலும்பு முறிந்துவிட்டது. பத்திரிகைக்காரர்கள் சவேல்யெவாவைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். லேஸ்யாவைக் கிட்டத்தில் பார்த்தால் பால்பல் தெரியும். ஆகையால் மாஸ்கோ மருத்துவ அறையில் மருத்துவர் இன்னோகென்தி பாவ்லவிச் வாளியில் மாவு கரைத்து வைத்திருந்தார்.

"வலது கையை நீட்டும்மா."

"என் கைக்கு ஒண்ணும் ஆகலியே."

"தெரியும். நல்ல கை. சீக்கிரம் குணமாயிடும்."

மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அவளை அளவுகோலின் கீழ் நிறுத்தினார். அவள் பழக்கப்படி முழங்காலைத் தளர்த்தினாள். தேவையில்லை, நேராக நில் என்றார். நூற்றைம்பத்தெட்டு என்று உரக்கப் படித்து எழுதிக்கொண்டார். விளையாட்டிலிருந்து விலகும் பெண் வளர்வதற்கு விதியில் தடையில்லையாம்.

வழியனுப்பு விழா வாரிய மண்டபத்தில் நடந்தது. கேமராக்கள், கொடிகள், பச்சைத் துணி. கென்னாதி லுவோவிச் பேசும்போது இரண்டு இடத்தில் குரல் கம்மியது, மூன்றாவது இடத்தில் கைக்குட்டை எடுத்தார்.

"இந்தப் பொண்ணு நமக்காக எலும்பக் கொடுத்தா. நாம என்ன கொடுத்தோம்னு கேப்பீங்க. எலும்பக் கொடுக்க ஒரு வாய்ப்பக் கொடுத்தோம். இவ குழந்தையா நம்மகிட்ட வந்தா, இன்னிக்கு எப்படி ஓங்கி நிக்கிறா பாருங்க. வளத்தது யாரு? அதை நான் என் வாயால சொல்ல மாட்டேன். எங்க வாரியத்துல யாரும் யாரையும் தூக்கி எறியறதில்ல. தளத்துல தவிர." கூட்டம் சிரித்தது. "இந்தக் கட்டடத்துல கதவு எப்பவும் திறந்திருக்கும். வெளிய போறவங்களுக்கும்."

அவளிடம் பேசச் சொன்னார்கள். ஒலிபெருக்கி முன்னால் வந்தபோது அவளுக்கு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. இந்தக் கை நல்ல கை, உடைந்த கை வேறொருத்தியுடையது, அவளுக்குப் பன்னிரண்டு வயது என்று மூன்று வாக்கியம். முன்வரிசையில் மகார் உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் புதிதாக இன்னொரு பெண், இன்னும் குட்டை. அவள் மடியில் குறுக்குக் கோடு போட்ட உடை மடித்திருந்தது. ரிம்மா ஸஹாரவ்னா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால் லேஸ்யாவை எந்தப் பெயரில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்கள், வைத்திருப்பார்களா என்று உல்யானா யோசித்தாள்.

"எல்லாருக்கும் நன்றி," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அடக்கமான பெண் என்று மறுநாள் பத்திரிகையில் வந்தது.

பூச்செண்டு கொடுத்தார்கள். வெளியே வந்து எண்ணிப் பார்த்தால் பத்துப் பூ. எங்களில் இரட்டைப்படையில் பூ கொடுப்பது செத்தவர்களுக்கு. யாரோ அவசரத்தில் ஒன்றைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். உல்யானா ஒன்றை உருவிப் பனியில் போட்டுவிட்டு, மீதியை இடது கையில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

லேஸ்யா ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். கட்டிலின் தலைமாட்டில் சவேல்யெவா என்று எழுதியிருந்தது. குழந்தையின் வலது கை மாவுக்கட்டில், உல்யானாவின் வலது கையும் மாவுக்கட்டில். நர்ஸ் இருவரையும் பார்த்து, அக்கா தங்கச்சியா, சேர்ந்து விழுந்தீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் உல்யானா.

ஊரிலிருந்து அம்மா வர இன்னும் இரண்டு நாளாகும், ரயில் தூரம் அப்படி. வெள்ளரி ஜாடி காலியாகி ஜன்னலில் இருந்தது. உல்யானா அதில் தண்ணீர் பிடித்துப் பூவை வைத்தாள். வலிக்கிறதா என்று கேட்டாள். குழந்தை இல்லை என்று தலையசைத்தது. போர்வைக்குள் அதன் முழங்கால்கள் இரண்டும் கூடாரம் போலத் தூக்கி நின்றன.

"கையிலதானே அடி. காலை ஏன் மடக்கி வச்சிருக்கே?"

"நீட்டிப் படுத்தா வளந்துருவேன்னு அந்த டாக்டர் சொன்னாருக்கா. ராத்திரியெல்லாம் இப்படித்தான் படுத்தேன். கால் மரத்துப் போச்சு." குழந்தை குரலை இறக்கியது. "நான் திரும்ப வரும்போது என்னைச் சேத்துக்குவாங்கள்ல?"

புதிதாக வந்திருந்த பெண்ணைப் பற்றி உல்யானா சொல்லவில்லை. போர்வையை விலக்கி, நல்ல கையால் குழந்தையின் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து நீட்டிவிட்டு, முழங்காலைத் தேய்த்துக் கொடுத்தாள்.

"அவன் கிடக்கிறான். நீட்டிப் படு. யாரும் அளக்க வரல."

லேஸ்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பாவாடைப் பக்கம் கண்ணைத் தாழ்த்தினாள்.

"அப்ப நீங்க ஏன்க்கா மடக்கிட்டு நிக்கிறீங்க?"

உல்யானா குனிந்து பார்த்தாள். உண்மைதான், மடக்கித்தான் நின்றிருந்தாள். நிமிரப் பார்த்தாள். முழங்கால் சட்டென்று வரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, மெதுவாக நிமிர்த்தினாள்.